நெறி கட்டியிருக்கிறது

"நெறி கட்டினா நெறியப் பார்க்காத, புண்ணைத்…" அதற்கு மேல் அப்பா என்ன சொன்னார் என்பது ஆறு வாரமாக எனக்கு வரவில்லை. தேடு என்றாரா, தொடாதே என்றாரா. அந்த ஒரு த் மட்டும் காதில் நிற்கிறது, அதற்குப் பின்னால் இரண்டு சொற்களும் ஒன்றுபோலப் பொருந்தி உட்கார்ந்துகொள்கின்றன. திரும்பக் கேட்க அப்பா இப்போது இல்லை, என்னிடம் சொன்னதும் இல்லை அது. முத்தியால்பேட்டை மருந்தகத்தில் பச்சைத் திரைக்கு அந்தப் பக்கம் யாரோ ஒரு மீன்காரம்மாவிடம் சொன்னது. திரைக்கு இந்தப் பக்கம் மர பெஞ்சில் நான் பிரெஞ்சு வினைச்சொற்களை முணுமுணுத்துக்கொண்டிருந்தேன், நான் போகிறேன், நீ போகிறாய், அவன் போகிறான், அதனால்தான் பாதி காதில் விழுந்திருக்கும். அப்பா டாக்டர் இல்லை, கம்பவுண்டர். காலில் முள் குத்திச் சீழ் வைத்தால் தொடை இடுக்கில் நெறி கட்டும், கையில் புண் என்றால் அக்குளில், பல் சொத்தை என்றால் தாடைக்குக் கீழே. ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததுதான், அப்பா அதைத் தானே கண்டுபிடித்ததுபோலச் சொல்வார். "தாடி இன்னா பண்றது சார்?" என்கிறார் தணிகாசலம். கழுத்தைச் சுற்றி வெள்ளைத் துணியை முடிச்சுப் போட்டபடி, என்னைப் பார்க்காமல் கண்ணாடியில் இருக்கும் என்னைப் பார்த்துக் கேட்கிறார், எல்லா முடிதிருத்துகிறவர்களும் அப்படித்தான், ஆளோடு பேசமாட்டார்கள், ஆளின் எதிரில் இருப்பவனோடுதான் பேசுவார்கள். முதலில் முடி, தாடியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்கிறேன். கடைசி நாற்காலியைக் கேட்டு வாங்கிக்கொண்டிருக்கிறேன், வாசல் வெயில் அதுவரை வராது. தொப்பி கொக்கியில் தொங்குகிறது. பதினொரு மணி. இன்னும் அரை மணி நேரத்துக்குள் தாடியைப் பற்றி ஏதாவது சொல்லியாக வேண்டும்.

தாடி வளர்ந்தது ஆறு வாரத்தில். அதற்கடியில், வலது தாடை எலும்புக்குக் கீழே, முதலில் சுண்டைக்காய் அளவுக்கு இருந்தது இப்போது கொட்டைப்பாக்கு அளவுக்கு இருக்கிறது. வலி இல்லை. வலி இல்லாததுதான் நல்லதில்லை என்று எங்கோ படித்தேன், அதைப் படித்திருக்க வேண்டாம். விரலால் அழுத்தினால் ரப்பர்போல ஒதுங்கி, விட்டால் திரும்பி வந்து நிற்கிறது, கூப்பிட்டால் வரும் நாய்க்குட்டி மாதிரி, தனியாக இருக்கும்போது நானும் கூப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். மனைவி ரோசலிக்குத் தெரியாது. அவளுக்குத் தாடிதான் தெரியும், கப்புச்சின் சாமியார் மாதிரி இருக்கிறீர்கள் என்று சிரிப்பாள். எனக்கு லூப்பஸ் இருப்பது தெரியும், பதினோரு வருடமாகத் தெரியும், லியோன் நகரத்தில் அந்த டாக்டர் மேஜைமேல் இரண்டு கையையும் விரித்து வைத்துக்கொண்டு சொன்னபோது பக்கத்தில்தான் இருந்தாள். உங்கள் உடம்பின் காவல்காரர்கள் உங்களையே திருடன் என்று நினைத்துக்கொள்கிறார்கள் என்றார் அவர். அந்தப் பெயருக்கு ஓநாய் என்று பொருள் என்றும் சொன்னார், முகத்தில் கடித்ததுபோலச் சிவப்பதால் அந்தக் காலத்தில் வைத்தது. இது வருகிற பத்துப் பேரில் ஒன்பது பேர் பெண்கள்தான், நீங்கள் அந்தப் பத்தாவது ஆள். ஊர் திரும்பிய பிறகு இங்கே புதன்கிழமை கிளினிக்கில் முதல்நாள் வரிசையில் உட்கார்ந்திருந்தபோது, சீட்டு எழுதுகிற பெண் என் ஃபைலைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "பேஷண்ட் எங்க சார், அம்மாவ உள்ள கூட்டிட்டு வாங்க" என்றாள். நான்தான் அந்த அம்மா என்றேன். வரிசை முழுக்கச் சிரித்தது. செவந்தி டீச்சர் அன்றைக்குத்தான் பழக்கமானார், "வாங்க வாங்க, எங்க சங்கத்துல ஒரு ஆம்பள சேந்தாச்சு" என்று பெஞ்சில் இடம் விட்டார்.

கத்தரி காதுக்குப் பின்னால் நடக்கிறது. இந்த ஒலி எனக்குப் பிடிக்கும், இருபத்திரண்டு வருடம் லியோனில் வெறும் மெஷின்தான், ஏழு நிமிடத்தில் எழுப்பி அனுப்பிவிடுவார்கள். தணிகாசலத்துக்கு என் தலையில் எங்கெங்கே சொட்டை என்று தெரியும். வலது காதுக்கு மேலே ஒன்று, உச்சிக்குப் பின்னால் ஒன்று, லூப்பஸ் தின்றுவிட்டுப் போன தழும்புகள், அங்கே முடி இனி முளைக்காது. வெயில் அலர்ஜி என்று சொல்லி வைத்திருக்கிறேன். அவர் அதற்கு மேல் கேட்டதில்லை, பக்கத்து முடியை நீளமாக விட்டு அதன்மேல் படியச் செய்துவிடுவார், வெளியே தெரியாது. மூன்று வருடமாக மறைப்பதற்குத்தான் அவரிடம் வருகிறேன் என்று இப்போதுதான் தோன்றுகிறது. சட்டைப் பையில் மாத்திரைப் பட்டை இருக்கிறது, துணிக்கடியில், மூச்சு இழுக்கும்போது அலுமினியத்தின் முனை நெஞ்சில் குத்துகிறது. பத்து மில்லிகிராம் ஸ்டீராய்டு, போன வருடம் மூட்டு வீங்கியபோது கொடுத்ததில் மிச்சம். தினமும் நான் போடுவது ஏழரை. நான்கு மாத்திரை வீதம் ஒரு வாரம் போட்டால் இந்தக் கொட்டைப்பாக்கு சுண்டைக்காயாகி, சுண்டைக்காய் கடுகாகி, காணாமல் போய்விடும். அதுதான் சிக்கல். டாக்டர் சுகிர்தா அதைத்தான் சொன்னார், புதன்கிழமைக் கூட்டம் முழுக்கக் கதவுக்கு வெளியே இருக்கும்போது அவசரமே இல்லாமல், பேனா மூடியைத் திருகிக்கொண்டே. "லூப்பஸால நெறி வீங்கியிருந்தாலும் ஸ்டீராய்டுல கரையும். லிம்போமாவா, நெறியிலயே வர்ற புற்றா இருந்தாலும் கொஞ்ச நாளைக்குக் கரையும். கரைஞ்சதுக்கப்பறம் எதுன்னு கேட்டீங்கன்னா யாருக்கும் தெரியாது. அதனால முதல்ல எடுத்துப் பாத்துடுவோம், அப்பறம் மாத்திரைய ஏத்தலாம். நீங்களா ஏத்திக்காதீங்க." ஸ்கேன் எடுத்தாயிற்று. ஸ்கேனின் கண்ணுக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கிறதாம். முழுசாக எடுத்து, கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். அறுவைப் பிரிவிலிருந்து நேற்று ஒரு பையன் குரல் போனில் சொன்னது: "வெள்ளிக்கிழமை காலைல உங்க பேரு போட்டிருக்கு சார். வர்றதா இருந்தா தாடிய எடுத்துட்டு வாங்க, வெறும் வயித்துல வாங்க. தாடியோட வந்தீங்கன்னா சர்ஜன் திருப்பி அனுப்பிடுவாரு."

வாய்ப்பு என்றார் சுகிர்தா. லூப்பஸ் இருக்கிறவர்களுக்கு லிம்போமா வர வாய்ப்பு மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகம். அவர் நல்ல தமிழ் பேசுவார், ரிஸ்க் என்று சொல்லியிருந்தால் நான் தலையாட்டிவிட்டு வந்திருப்பேன். வாய்ப்பு என்ற சொல்லை நான் எங்கே கேட்டிருக்கிறேன் என்று யோசித்துக்கொண்டே வெளியே வந்தேன், வேலை வாய்ப்பு அலுவலகத்தில், மேடைகளில், பேச வாய்ப்பளித்த தலைவர் அவர்களுக்கு நன்றி என்று. புற்றுநோய்க்கு என்னிடம் ஒரு வாய்ப்பு கிடைத்திருக்கிறது, அது நன்றி சொல்லுமா. பிரெஞ்சில் சான்ஸ் என்றால் அதிர்ஷ்டம். லியோனில் அந்தச் சொல்லை இப்படி யாரும் போடமாட்டார்கள், புற்றுநோய் வர உங்களுக்கு அதிர்ஷ்டம் இருக்கிறது என்றாகிவிடும். அவர் இன்னொன்றும் சொன்னார், எல்லாப் புற்றும் அதிகம் இல்லை, சிலது உங்களுக்கு மற்றவர்களைவிடக் குறைவாகவே வருகிறது, ப்ராஸ்டேட் மாதிரி, ஏன் என்று இன்னும் சரியாகத் தெரியவில்லை. காவல்காரர்கள் முழு முட்டாள்களும் இல்லைபோல. கொஞ்சம் என்றால் எவ்வளவு கொஞ்சம் என்று கேட்டேன். ஆயிரம் பேரை நிற்க வைத்தால் பெரும்பாலானவர்களுக்கு வராது என்றார். பெரும்பாலானவர்கள் என்பது நல்ல இடம், நானும் அங்கேதான் எப்போதும் நின்றிருக்கிறேன், பத்தாவது ஆளாகப் பெயர் படிக்கப்படும்வரை. "எங்க ஊரு வெயிலுக்கு அலர்ஜி இல்லாம இருக்க சான்ஸே இல்ல சார்" என்கிறார் தணிகாசலம் திடீரென்று, அவராகவே என் சொட்டையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டார். பெஞ்சில் செய்தித்தாளோடு இருக்கிற கலியமூர்த்தி, பஞ்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், முடியே இல்லாதவர், தினமும் இங்கே பேப்பர் படிக்க மட்டும் வருகிறவர், தாளை இறக்கிவிட்டு, "முசியே பனியில ஊறின உடம்பு, இங்க வந்து காயுது" என்கிறார். பிரான்சிலிருந்து திரும்பிய எல்லோரும் இந்தத் தெருவில் முசியேதான். "உனக்கு வெட்டறதுக்கு ஒண்ணும் இல்ல, பேப்பரையாவது ஒழுங்கா படி" என்கிறார் தணிகாசலம்.

லியோனில் என் வேலை லிஃப்ட் ஆய்வு. பழைய கட்டடங்களில் ஏறி இறங்கி, கயிறு, கப்பி, கதவுப் பூட்டு எல்லாம் பார்த்து, தாளில் மூன்று கட்டத்தில் ஒன்றில் குறியிட வேண்டும். சரி. கவனிக்கவும். நிறுத்தவும். சரி என்று போட்டால் பொறுப்பு என்னுடையது. நிறுத்தவும் என்று போட்டால் ஏழாவது மாடிக் கிழவிகள் கடிதம் எழுதுவார்கள். கவனிக்கவும் என்பதில்தான் நான் அதிகம் குறியிட்டிருப்பேன், நாங்கள் எல்லோருமே. ஒரு கட்டடத்தில் கயிற்றில் ஐந்தாறு இழைகள் அறுந்து முள்முள்ளாக நின்றன, நிறுத்த வேண்டிய எண்ணிக்கைக்கு ஒன்று குறைவு, கவனிக்கவும் என்று எழுதிவிட்டு அதே லிஃப்டில் கீழே இறங்கினேன். அன்று இரவெல்லாம் அந்தக் கயிறுதான். ஒன்றும் ஆகவில்லை. மூன்று வருடம் கழித்து அந்தத் தெருவில் போனபோது உள்ளே எட்டிப் பார்த்தேன், புதுக் கயிறு, கிழவர் ஒருவர் நாயோடு ஏறிக்கொண்டிருந்தார். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, சொல்ல எதுவும் இல்லை, எதுவும் நடக்கவில்லை. கவனித்துக்கொண்டிருப்பதும் ஒரு வேலைதான், பல நேரம் அது போதும். செவந்தி டீச்சருக்கும் கழுத்தில்தான் வந்தது. "நானே ரெண்டு மாத்திரை கூட்டிப் போட்டேன் சார், நாலு நாள்ல இருந்த இடம் தெரியல, டாக்டர்கிட்ட சொல்லிடாதீங்க" என்று என் காதில் சொன்னார், தொட்டுப் பாருங்கள் என்று கழுத்தைக் காட்டினார், ஒன்றுமில்லை, வழவழவென்று இருந்தது. அது பங்குனியில். கடைசி இரண்டு புதன்கிழமையாக அவரைக் காணோம். அவருக்குக் கிழமை மாற்றிக் கொடுத்திருக்கலாம். மகள் வீட்டுக்குப் போயிருக்கலாம், திருவண்ணாமலையில் மகள் இருப்பதாகச் சொன்னார். கேட்டிருக்கலாம், சீட்டு எழுதுகிற பெண்ணிடம் ஒரு வார்த்தை. போன புதன்கிழமை அவள் மேஜைவரை போய் நின்றேன், என்ன சார் என்றாள், அடுத்த மாதம் எந்தத் தேதி என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன்.

தணிகாசலத்தின் விரல் காதுமடலைக் கீழே மடக்கி, தாடை ஓரம் இறங்கி, நிற்கிறது. கத்தரி நிற்கிறது. தாடிக்கு மேலாகவே இரண்டு விரலால் தடவிப் பார்க்கிறார், அழுத்தவில்லை, அது ஒதுங்குகிறது, திரும்பி வருகிறது. "நெறி கட்டிக்கினு இருக்குது சார்." நெறி கட்டுவது என்று அப்படியே, முப்பது வருடத்துக்குப் பிறகு வேறொரு வாயிலிருந்து கேட்கிறேன். லியோனில் காங்லியோன் என்பார்கள், இங்கே கிளினிக்கில் நோடு என்பார்கள், சுகிர்தாகூட லூப்பஸால நெறி என்று ஒருமுறை சொல்லிவிட்டு நோடுக்குத் திரும்பிவிட்டார். "எங்கனா புண்ணு கீதா?" என்று கேட்டுவிட்டு, என் பதிலுக்குக் காத்திராமல் தேட ஆரம்பிக்கிறார். சீப்பால் முடியை வகிர்ந்து வகிர்ந்து, காதுக்குப் பின்னால், பிடரியில், உச்சியில், விளக்குப் பக்கம் என் தலையைச் சாய்த்து, பள்ளிக்கூடப் பிள்ளைக்குப் பேன் பார்ப்பதுபோல. "பல்லு?" வாயைத் திறந்து காட்டுகிறேன், நாற்பத்தெட்டு வயதில், சலூனில், கழுத்தில் துணியோடு. கலியமூர்த்தியும் எழுந்து வந்து என் வாய்க்குள் பார்க்கிறார். "நல்லாத்தான் கீது, என்னைவிட நல்லா கீது" என்கிறார். "ஒண்ணியும் காணோமே சார்" என்கிறார் தணிகாசலம். காணோம். இருக்காது. எங்கள் வீட்டில் புண் இல்லாமலே நெறி கட்டும், காவல்காரர்கள் ஆளில்லாத தெருவில் விசில் ஊதிக்கொண்டு ஓடுவார்கள், பதினோரு வருடமாக அப்படித்தான், கைமுட்டியில், அக்குளில், வந்து வந்து போயிருக்கிறது. அதனால்தான் இது வந்தபோதும், தாடி விடுவதற்கு முந்தைய மூன்று வாரம், எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. திரும்பத் திரும்ப விசில் கேட்டால் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. "எங்க மச்சாளுக்கு இப்படித்தான் கழுத்துல வந்துச்சு, மஞ்சளும் சுண்ணாம்பும் கொழச்சுப் போட்டோம், போயிடுச்சு" என்கிறார் கலியமூர்த்தி. "இப்ப எப்படி இருக்காங்க?" என்று கேட்கிறேன். "அவ செத்து ஆறு வருசமாச்சு முசியே. அது வேற எதுக்கோ." தணிகாசலம் அவரைக் கண்ணாடி வழியாகப் பார்க்கிறார். "போய் உக்காரு" என்கிறார். கலியமூர்த்தி போய் உட்கார்ந்து பேப்பரை முகத்துக்கு உயர்த்திக்கொள்கிறார்.

துணிக்கடியில் போன் அதிர்கிறது. மாத்திரைப் பட்டையோடு சேர்ந்து அதிர்வதால் வண்டு மாதிரி ஒரு ஒலி. கையை வெளியே எடுத்தால் மடியில் இருக்கிற முடியெல்லாம் கொட்டும் என்று தணிகாசலமே துணியை விலக்கி எடுத்துக் கொடுக்கிறார், நரையும் கறுப்புமாக ஒரு பிடி மடியில் கிடக்கிறது. ரோசலி. காரைக்காலிலிருந்து, அக்கா மகள் நிச்சயதார்த்தத்துக்குப் போனவள். "பஸ் ஏறிட்டேன், நாலரைக்கு வந்துருவேன். சாப்பாடு அந்த மெஸ்ஸுலயே வாங்கிட்டீங்களா? எங்க இருக்கீங்க, என்னமோ சத்தம் கேக்குது." சலூனில் என்கிறேன். "அப்பாடா. அந்தத் தாடியோட ஞாயித்துக்கிழமை பூசைக்கு வந்தீங்க, நான் வேற பெஞ்சுல போய் உக்காந்துக்குவேன்." நான் கேட்க நினைக்கவில்லை, கேட்டுவிட்டேன். "ரோசலி, நெறி கட்டினா அப்பா என்ன சொல்வாரு? புண்ணைத் தேடும்பாரா, தொடாதேம்பாரா?" பஸ் இரைச்சலுக்கு மேலே கத்துகிறாள். "உங்கப்பா எங்கிட்ட அஞ்சு வார்த்தைக்கு மேல பேசினதே இல்லங்க. யாரு போனாலும், மருந்து தீந்துபோச்சு, நாளைக்கு வா. அதான் எனக்குத் தெரிஞ்சு அவர் சொன்னது." பிறகு, "யாருக்கு நெறி கட்டியிருக்கு?" என்கிறாள். கண்டக்டர் சில்லறை கேட்கிற குரல். "யாருக்கு நெறி கட்டியிருக்கு?" என்று இன்னொரு முறை, முதல் தடவையைவிட மெதுவாக. வீட்டுக்கு வா, பேசிக்கொள்ளலாம் என்கிறேன். சரி என்று வைத்துவிடுகிறாள். வழக்கமாக அவள் அவ்வளவு சீக்கிரம் வைப்பதில்லை. நாளைக்கு வா. அப்பாவின் குரல் அதில் சரியாகக் கேட்கிறது, மூக்கிலிருந்து வருகிற அந்தச் சலிப்பு, கண்ணாடிக் குப்பிகள் ஒன்றோடொன்று உரசுகிற சத்தம், பச்சைத் திரை. மீன்காரம்மாவின் கால் திரைக்குக் கீழே தெரிந்தது, பெருவிரலில் துணிக் கட்டு. கட்டு இருந்தது. அப்படியானால் புண் எங்கே என்று தெரிந்துதான் வந்திருக்கிறாள், தேடு என்று அவளிடம் எதற்குச் சொல்லவேண்டும். தொடாதே என்றுதான் சொல்லியிருப்பார். அல்லது அந்தக் கட்டு வேறொரு நாளில் வேறொரு காலில் பார்த்தது. ஏழு வயதில் திரைக்குக் கீழே எத்தனையோ கால்கள்.

"பாத்துக்கங்க சார்" என்று தணிகாசலம் கைக்கண்ணாடியைப் பிடரிக்குப் பின்னால் பிடிக்கிறார். கண்ணாடிக்குள் கண்ணாடியில் என் பின்தலை, யாருடையதோ போல. சொட்டை தெரியவில்லை, சுத்தமாக மூடியிருக்கிறார். இடது பக்கம் திருப்புகிறார், வலது பக்கம் திருப்புகிறார். "தெரியுதா? தெரியாது" என்று அவரே சொல்லிக்கொள்கிறார், பெருமையோடு. மடியில் இருக்கிற முடியைத் துணியோடு சுருட்டி எடுத்து வாசலில் உதறுகிறார், வெயிலில் அது பறந்து ரோட்டில் விழுகிறது, வேறொரு துணியை எடுத்து வந்து திரும்பக் கட்டுகிறார், இந்தத் தடவை முடிச்சு கொஞ்சம் தளர்வாக, அந்த இடத்தில் உரசாதபடி. மாத்திரைப் பட்டை நெஞ்சில் குத்துகிறது. பத்து இருக்கிறது அதில், வீட்டில் இன்னும் இரண்டு பட்டை, எண்ணியிருக்கிறேன். நாலரைக்குள் வீட்டுக்குப் போய், தண்ணீரோடு நான்கு. தாடி இருந்தால் இன்னும் ஒரு வாரம் போதும், பிறகு எடுத்தாலும் கீழே ஒன்றும் இருக்காது, வழவழவென்று இருக்கும், யாருக்கு நெறி கட்டியிருந்தது என்று கேட்டால் யாருக்குமில்லை என்பது பொய்யாகவும் இருக்காது. பெரும்பாலானவர்களுக்கு வராது. ஒரு இழை குறைவு. கலியமூர்த்தி பேப்பருக்கு மேலே கண்ணை மட்டும் உயர்த்திப் பார்த்துவிட்டுத் திரும்பத் தாழ்த்திக்கொள்கிறார். தணிகாசலம் மெஷினைக் கையில் எடுத்துச் சீப்பை அதில் மாட்டலாமா வேண்டாமா என்று வைத்துக்கொண்டு நிற்கிறார், இப்போது கண்ணாடியைப் பார்க்கவில்லை, குனிந்து என்னைப் பார்க்கிறார். "தாடி? கொறைக்கணுமா, எடுக்கணுமா?"

முழுக்க எடுக்கச் சொன்னேன், வலது பக்கத்திலிருந்து.